ஐப்பசியில் வந்த சோடா லைசென்ஸ்

இருந்த ஒரே வயலை விற்று அந்த சோடா மிஷினை வாங்கியவர் என் அத்தான், அக்காளின் கணவர். உழவைத் தவிர வேறொன்றும் அறியாத அவரிடம், "காலம் மாறுது அத்தான், இனி சோடாதான்" என்று விடாமல் ஓதியவன் நான். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் விற்கத் தொடங்கிவிட்டால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு முனிசிபாலிட்டி லைசென்ஸ் வேண்டுமாம். சித்திரையிலேயே மனுக் கொடுத்தோம். தோல் பதனிடுவதும் சுண்ணாம்புக் காளவாசலும் சட்டத்தில் எந்த வகையோ, சோடாவும் அதே வகை. ஊருக்குக் கேடு தரக்கூடிய தொழில்! எங்கள் வார்டு மெம்பர் வேறு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"ஆத்துத் தண்ணியிலயாவே சோடா போடப்போறீரு? சனங்களுக்கு வாந்திபேதி வந்தா யாரு பொறுப்பு?"

"அண்ணாச்சி வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிய?" என்றேன்.

அவர் அத்தானைப் பார்த்துச் சிரித்தார். "உம்ம மச்சினன் படிச்சவம்லா, வாய் நீளுது. கவுன்சில் கூட்டத்துல வைக்கேன், பைய பாப்போம்."

கூட்டம் கூடினால்தானே? ஒரு முறை யார் வீட்டிலோ கல்யாணம், மறுமுறை கோயில் மண்டகப்படி. ஒவ்வொரு முறையும் போதிய மெம்பர்கள் வரவில்லையென்று ஒத்திவைத்தார்கள்.

தேரோட்டத்தன்று எனக்குப் பொறுக்கவில்லை. விற்றால்தானே லைசென்ஸ்? தண்ணீர்ப் பந்தலை எவன் தடுப்பான்? ரத வீதியில் ஓலைப் பந்தல் போட்டு, வடம் பிடித்தவர்களுக்கெல்லாம் சோடாவைச் சும்மாவே உடைத்துக் கொடுத்தோம். வேர்த்து விறுவிறுத்து மெம்பரும் வந்தார். மளமளவென்று இரண்டு குடித்து, நீளமாக ஏப்பம் விட்டார்.

"யாரு சோடாவே இது? சுர்ருன்னு ஏறுது!"

"அண்ணாச்சி சொன்ன வாந்திபேதி சோடாதான்" என்றார் அத்தான்.

பந்தலே சிரித்தது. மெம்பர் சிரிக்கவில்லை.

லைசென்ஸ் ஐப்பசியில் வந்தது. அடைமழை, குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்று வெள்ளம் மண்டபத்தை முழுங்கிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்கவே ஊர் நடுங்கியது, சோடா யாருக்கு வேண்டும்? நனைந்த காகிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மார்ச் கடைசி வரைதான் செல்லுமாம். வெயில் ஏறும் நேரத்தில் காலாவதி; மறுபடி மனு, மறுபடி கூட்டம்!

"இன்னைக்கே அடுத்த மனுவ எழுதிரு மாப்ளே" என்றார் அத்தான். "அடுத்த ஐப்பசிக்காவது வரும்லா."

எழுதினேன். கோபத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்தது. மறுநாள் விடியலில் அவர் மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, தாம் விற்ற வயலிலேயே கூலிக்கு ஏர் பிடிக்கப் போனார்.