'குறைவு' என்று நான் சொன்ன சொல்

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களுக்கான கிளினிக்கில் நான் தாதி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. என்னிடம் கேட்டுக்கொண்டு போனவர்கள் ஒரு வேளை மருந்துக் குளிசையும் தவறவிட மாட்டார்கள். எட்டு மணி என்றால் எட்டு மணிதான். கோயிலில் தேர் இழுபட்டாலும் சரி, கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் என்றாலும் சரி, குளிசை பையை விட்டு வெளியே வர வேண்டும். 'மிஸி ஏசுவா' என்று என் வாய்க்கு இருக்கும் பயம் வடமராட்சிக் கரைவரை பரவியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் கரையிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வருவார்கள். தம்பி கடலுக்குப் போகிறவர். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து, அக்காவின் ஒரு சிறுநீரகத்தை அவருக்கு வைத்திருந்தார்கள். குளிசைப் பெட்டி அக்காவின் கையில்தான் இருக்கும். தம்பியிடம் கேட்கும் கேள்விக்கும் அக்காதான் பதில் சொல்வார். என்னைப் போலவே இருந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒருமுறை தம்பியின் இரத்தப் பரிசோதனையில் கழிவின் அளவு ஏறியிருந்தது. அவருடைய உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் அவரை வீட்டுக்கு விடாமல் உடனே வார்ட்டில் மறித்துவிட்டார். நான் அக்காவைப் பிடித்தேன்.

"குளிசை தவறவிட்டனீங்களோ?"

"சத்தியமா இல்லை மிஸி. எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

"வேறை என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. விடிய வெறுவயித்திலை சீந்தில் கொடி அவிச்ச தண்ணி மட்டும். கரவெட்டியிலை மச்சாள் வீட்டு வேலியிலை நிக்குது. இவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதுதான் கூட்டுவமெண்டு..."

ஏச வாயெடுத்தேன். ஏச வந்த வாய்தான் அதைச் சொன்ன வாயும். நுணலும் தன் வாயால் கெடும். சனக் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் நான் சொல்லும் வாக்கியம்தான் அந்த 'எதிர்ப்புச் சக்தி குறைவு'. எங்கள் ஊரில் இரத்தம் குறைவென்றால் அன்றைக்கே முருங்கையிலை அடுப்பில் ஏறும். குறைவென்றால் நிரப்பத்தானே பார்ப்பார்கள்? இத்தனை வருடத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை.

"புது ஆள் வீட்டுக்கு வந்தால் நாயைக் கட்டி வைக்கிறனீங்கள்தானே அக்கா? உங்கடை கிட்னிதான் அந்தப் புது ஆள், தம்பியின்ரை எதிர்ப்புச் சக்திதான் நாய். குளிசைதான் சங்கிலி. சீந்தில் நாயை அவிட்டு விட்டிருக்கலாம்."

அவர் கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தார். "குடுத்ததை நானே பறிக்கப் பார்த்தனோ மிஸி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்களில்லை. என்ரை வாய்."

மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றினோம். ஏறிய அளவு மெல்ல இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது அக்காவுக்குப் புதிய பாடம் சொல்லிக் கொடுத்தேன். "குறைவில்லை, நாங்கள் வேணுமெண்டு குறைச்சு வைச்சிருக்கிறம்" என்று மூன்று தரம் திருப்பிச் சொன்னார்.

அன்று கிளினிக் நாள். வெளி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பல வருடமாக எங்களிடம் வரும் கணவருக்குப் போத்தலிலிருந்து பச்சையாக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகுமுன் அக்கா அந்தப் போத்தலைப் பறித்துவிட்டார்.

"ஆரம்மா உங்களுக்குக் குறைவெண்டு சொன்னது?"

அந்தப் பெண் என்னைக் காட்டினார்.

அன்று பின்னேரமே பழைய கிளினிக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பெயரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுக்கத் தொடங்கினேன்.