இருபதாவது செருப்பு

"இருபது டோக்கன் முடிஞ்சுடுச்சு ஐயா. நாளைக்கு சண்டே, டாக்டர் வரமாட்டார். திங்கக்கிழமை வாங்க" என்று மந்தைவெளி கிளினிக்கில் ரிசப்ஷன் பெண் ஒரு பெரியவரிடம் சொன்னாள். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இருபதாவது ஆள் நான்தான். மூட்டுவலிக்காக வீட்டிலிருந்தே ஃபோனில் பதிந்து வைத்திருந்தேன். என் கண் வாசலில் கிடந்த செருப்புகளின் மேல் போனது.

எனக்குப் பத்து வயதில் எங்கள் தெரு டாக்டரிடம் டோக்கன் கிடையாது. கதவு திறக்கும்வரை செருப்பை வரிசையில் விட்டுவிட்டு எல்லோரும் நிழலில் நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை, தனக்கு இருமல் என்று அம்மா என்னை இடம் பிடிக்க அனுப்பினாள். எனக்கு முன்னால் மீன் விற்கும் அக்கா, இடுப்பில் காய்ச்சலில் துவண்ட குழந்தை.

"பாப்பா, கொயந்தைக்கு சோடா வாங்கியாறேன். என் செருப்ப பாத்துக்கோ."

அவள் தலை மறைந்ததும் அவளுடைய நீல ரப்பர் செருப்பைப் பின்னால் தள்ளி, என்னுடையதை முன்னால் வைத்தேன்.

திரும்பி வந்தவள் வரிசையைப் பார்த்துக் குழம்பினாள். "நீ எனக்கு முன்னாலயா இருந்த?"

"ஆமாக்கா."

"நான்தான் மறந்துட்டேன் போல."

கம்பவுண்டர் செருப்புகளை எண்ணிக்கொண்டே வந்து என்னுடையதோடு நிறுத்தினார். "இருபது. மத்தவங்க திங்கக்கிழமை வாங்க."

அக்கா கெஞ்சிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். "பாத்துக்கினதுக்கு நல்லாருப்ப பாப்பா."

"டோக்கன் இருபது" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பெரியவர் இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் எழுந்து உள்ளே போனேன்.