சோலைக்குள் பதின்மூன்று பேர்

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு மட்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பழனி அடிவாரத்தில் அப்பாவின் தேங்காய் பழக் கடையில் இரண்டு வருடம் தபாலுக்குக் காத்திருந்தவள் நான். மாநிலத்தில் யார் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்க ஆள் எடுத்தார்கள். மலைத் தோட்டங்கள் என் பங்குக்கு வந்தன.

தாண்டிக்குடிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம். ஜீப் டிரைவரிடம் பத்திரம் என்று அப்பா இரண்டு முறை சொல்லித்தான் என்னை ஏற்றிவிட்டார். வளைவுக்கு வளைவு மூடுபனி கூடிக்கொண்டே வந்தது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் வரப்போவதை எங்கள் அலுவலகமே ஒரு வாரம் முன்னால் கடிதம் போட்டுச் சொல்லியிருந்தது. காப்பி, பலகாரம், நாற்காலி எல்லாம் தயார். முற்றத்தில் இருபத்தெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் பெயரையும் வயதையும் ஒப்பித்தார்கள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எழுதி முடித்ததும் அவர்களுடைய குடியிருப்பைப் பார்க்கவேண்டும் என்றேன். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"அங்க என்னம்மா இருக்கு, சேறாக் கெடக்கு," என்றார் கணக்குப்பிள்ளை. நான் நடந்துவிட்டேன்.

தகரக் கூரை போட்ட நீளமான வரிசை வீடுகள். ஆள் அரவமே இல்லை. ஆனால் ஒரு வீட்டில் உலையரிசி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டில் வெளியே கொண்டி போட்டிருந்தது. உள்ளே ஒரு குழந்தை அழுதது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரல். கொண்டியைத் தள்ளித் திறந்தேன். சேலைத் தொட்டிலில் ஏழெட்டு மாதக் கைக்குழந்தை, நனைந்து கிடந்தது.

"தாய்க்காரி ஊருக்குப் போயிருக்கா," என்றார் பின்னால் வந்த கணக்குப்பிள்ளை.

"பால்குடிப் பிள்ளையை விட்டுட்டா?"

அவர் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டார். வரிசையில் நின்றவர்களில் ஒரு நடுத்தர வயதுப் பெண், குழந்தையைத் துடைக்க வருகிறவள்போல அருகில் வந்து என் காதோடு சொன்னாள்: "அவ மேல சோலைக்காட்டுக்குள்ள இருக்காம்மா. முப்பது பேருக்கு மேல வேலை செஞ்சா நல்ல வீடு, பிள்ளைகளுக்குக் கொட்டகை எல்லாம் கட்டித் தரணும்னு சட்டமாம்ல. அதான் பதிமூணு பேரை வெள்ளனே மேல ஏத்திவிட்டாக. ஜீப்பு போனாத்தான் எறங்கணும்னு உத்தரவு."

மேலே பார்த்தேன். சோலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. உள்ளே காட்டுமாடுகள் உண்டு என்று டிரைவர் சொல்லியிருந்தார். தூறலும் பிடித்துவிட்டது.

முற்றத்துக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். "இதோட தாய் வராம நான் போகமாட்டேன்," என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். "வெரசாக் கெளம்பும்மா, பாதை மறைஞ்சிரும்," என்று டிரைவர் இரண்டு தடவை வந்து கெஞ்சினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கணக்குப்பிள்ளை யாருக்கோ கையசைத்தார். சற்று நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கால்களில் அட்டை கடித்த ரத்தம் மழைநீரோடு வழிந்தது. ஒரு சின்னப் பெண் ஓடி வந்து என் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். என்னைவிட இளையவள்.

பேனாவைத் திறந்து அவள் பெயரைக் கேட்டேன்.

"என்னைய எழுதாதீங்கக்கா," என்றாள். "எழுதுனா இந்தச் சோலியும் போயிரும்."

மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. பெயர் இல்லாமல் எழுதப் படிவத்தில் இடமில்லை. எது நியாயமோ அதைத்தான் செய்கிறோம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. குறிப்புப் பகுதியில், "மேலும் பதின்மூன்று பேர் வேலை செய்கிறார்கள், பெயர் சொல்ல மறுத்தார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு," என்றார்.

நான்கு மாதம் கழித்து, விட்டுப்போன கட்டங்களை நிரப்ப மறுபடி அங்கே போனேன். கடைசி ஐந்து வீடுகளில் கதவுகள் கழற்றப்பட்டிருந்தன. அன்று சோலையிலிருந்து இறங்கியவர்கள் ஒருவரும் இல்லை. தோட்டத்துப் பேரேட்டில் இருபத்தேழு பேர்தான். ஆனால் செடிகளுக்கு இடையே ஐம்பது பேராவது பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்நாட்டிலிருந்து லாரியில் வந்தவர்கள்.

"அவங்க எங்க ஆள் இல்லம்மா. காண்ட்ராக்டர் ஆள்," என்றார் கணக்குப்பிள்ளை. இந்தத் தடவை அவர் எதையும் மறைக்கவில்லை. பேரேட்டில் வராதவர்களை மறைக்கத் தேவையும் இருக்கவில்லை. நல்ல வீட்டைப் பற்றிக் காண்ட்ராக்டர் ஆட்கள் யாரைக் கேட்பார்கள்? என்னோடு அன்று பேசிய பெண்ணையும் காணவில்லை. கேட்டதற்கு, "அவளா? வேலைய விட்டு நின்னுட்டா," என்றார்.

அந்தக் கணக்கெடுப்பில் நன்றாக உழைத்தேன் என்று என்னை நிரந்தரமாக்கினார்கள். முப்பது வருடம் அதே துறையில் இருந்தேன்.

அந்தச் சின்னப் பெண்ணை அடுத்த வருடம் ஒரே ஒரு முறை பார்த்தேன், பழனி பஸ் நிலையத்துக்கு வெளியே. மன்னவனூரில் உருளைக்கிழங்கு தோண்ட ஆள் ஏற்றிக்கொண்டிருந்த லாரியில் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. அருகில் ஓடிப்போய், "பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் என்னைக் காட்டி, "பேர் எழுதுற அக்கா," என்று மெதுவாகச் சொன்னாள். உடனே லாரியில் இருந்த பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது.