கப்பல் ஆபீஸ் மரத்தளமும் இரண்டு டம்ளர்களும்

கடற்கரை ஊரில் குடியிருப்பவன் மரத்தளம் போடுகிற தொழிலுக்குப் போகக் கூடாது. நான் தூத்துக்குடியில் குடியிருந்துகொண்டு எட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். மழைக்காலத்தில் இழுப்பறை திறக்கவில்லை என்று பேச்சு வாங்கியவர்கள், கதவு சாத்தவில்லை என்று ஆள் விட்டுக் கூப்பிடப்பட்டவர்கள், பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுத்த பலகை மறு மாதமே கோணிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள், எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்து ஊரில் கப்பல் ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில், நான் முதன்முதலாகப் போட்ட மரத்தளத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மரத்தை ஒட்டி மரம்

நான் வேலை பார்த்த பிளைவுட் கடை பீச் ரோட்டில் இருந்தது. ஒரு நாள் கொச்சியிலிருந்து லாரியில் புது மாதிரிப் பலகை வந்து இறங்கியது. முழு மரம் இல்லை. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசை போட்டு அழுத்தி, மேலே மட்டும் தேக்கை ஒட்டியிருந்தார்கள். தரையில் விரிப்பதற்கென்றே செய்தது. சாதாரணப் பலகை அளவுக்கு இது நெளியாது என்று கூட வந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதே தாளில் கீழே பொடி எழுத்தில் இன்னும் பத்து வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

வந்தவர்கள் எல்லாரும் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வாங்கத்தான் இல்லை. வீட்டுக்குக் கதவு வாங்க ஏரலிலிருந்து வந்த ஒரு விவசாயி அரை மணி நேரம் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பலகையை வெளிச்சத்தில் சாய்த்து, அதன் ஓரத்தில் தெரிந்த அடுக்குகளை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "மரத்த அறுக்கீய, பொறவு ஒட்டுதீய, பொறவு மரம்னு விக்கீய. அறுக்காமலே வித்தா என்ன தம்பி?"

வழியே வைக்காத வேலை

முதலில் துணிந்தவர் ஒரு கப்பல் ஆபீஸ் மேனேஜர். சென்னைக்காரர். கொழும்பில் ஏதோ ஓர் ஆபீசில் மரத்தளத்தில் ஷூ போட்டு நடந்தபோது கேட்ட சத்தம் அவர் மனதில் தங்கிவிட்டது. புது ஆபீசில் தன் அறையிலும் அதே சத்தம் கேட்க வேண்டும் என்றார். எங்கள் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்த ஒரு தளம் நன்றாக அமைந்தால்தான் மீதிப் பலகை நகரும், இல்லையென்றால் பலகையைக் கொச்சிக்கும் உன்னை உன் ஊருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

வேலைக்கு என்னோடு வந்தவர் சவரிமுத்து மேஸ்திரி. தோணி கட்டுகிற தச்சர். தோணிப் பலகைகளின் சந்தில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைப்பதைக் கலப்பத்து அடிப்பது என்பார்கள். அதில் அவர் கையை ஊரே மெச்சும். தோணிக்குச் செய்ததைத்தான் அறைக்கும் செய்தார். நாலு சுவரிலும் பலகை முட்டிக்கொண்டு நிற்கும்படி இழைத்து இழைத்து இறுக்கினார். ஒரு தாள் நுழையாது. நான் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சிமெண்ட் பூசி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது, சரி என்றுவிட்டேன். புரட்டாசி வெயிலில் தூத்துக்குடியில் எதைத் தொட்டாலும் காய்ந்துதான் இருக்கும்.

மேனேஜர் ஷூவோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். டக் டக் என்று கேட்டது. முகமெல்லாம் சிரிப்பு. மழைக்குத் தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டார். மேஸ்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "தண்ணி எங்கன கூடி வரும் சார்? நான்தான் வழியே வைக்கலையே."

எழும்பி நின்ற தளம்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் ஒரு வாரம் பெய்து முடிந்த மறுநாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், அறையின் நடுவில் தளம் சுட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. மேஜையின் ஒரு கால் தரையில் படவில்லை. சக்கரம் வைத்த நாற்காலி மேட்டிலிருந்து தானாகக் கிளம்பி ஜன்னல் பக்கம் போய் நிற்கிறது. மேனேஜர் நடந்தபோது டக் டக் இல்லை, காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் தொம் தொம் என்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, முதலாளி சொன்னதும் ஞாபகம் வந்தது.

"இது தண்ணியால வந்ததுதானே?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார். "தண்ணிதான் சார்" என்றேன். அவர் உடனே கதவருகே நின்ற செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிற பெண். காலையில் ஆபீஸ், அது முடிந்ததும் உப்பளத்தில் கூலி வேலை. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மூன்று நாலு மாதமும் வீட்டில் அடுப்பெரிய இந்த ஆபீஸ் வேலை ஒன்றுதான். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவித்தான் தளத்தைக் கெடுத்துவிட்டாய், மாதம் முடிந்ததும் நின்றுகொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். காய்ந்த துணியால்தான் துடைக்கிறேன் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலை போகும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே வந்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "தண்ணிதான்னு சொன்னீய, சரி. யாரு ஊத்துன தண்ணின்னு சொல்லலையே அண்ணாச்சி."

அடிப்பக்கம்

மறுநாள் நானும் மேஸ்திரியும் சுவரோரம் ஒரு பலகையைப் பெயர்க்க உட்கார்ந்தோம். அவ்வளவு இறுக்கம், முழுசாக வரவில்லை. உளி வைத்துப் பிளந்து சில்லுச் சில்லாகத்தான் எடுத்தோம். மேல்பக்கத்தில் வார்னிஷ் மின்னியது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடிப்பக்கமோ கறுத்துப்போய், ஒட்டியிருந்த தகடுகளெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. கீழே சிமெண்ட்டில் கை வைத்தேன், ஜில்லென்றிருந்தது. அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கொத்தனாரை விசாரித்தபோது, சிமெண்ட் குழைத்ததே பக்கத்துக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் என்று தெரிந்தது. ஈரம் கீழேயிருந்து ஏறியிருக்கிறது. ஊறிய பலகை பக்கவாட்டில் விரிய இடம் கிடைக்காமல் மேலே எழும்பியிருக்கிறது. கடைக்கு ஓடி அந்தத் தாளைத் தேடியெடுத்தேன். பொடி எழுத்துப் பத்து வரியும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அந்தப் பலகைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோணியில் பலகை ஊறி விரிந்தால்தான் சந்து அடைபடும், கடல் உள்ளே வராது. அதையே முப்பது வருஷம் செய்த மனுஷன். பீடியைப் பற்றவைக்க எடுத்துவிட்டு மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தோணி ஊறுனா நம்மளக் காப்பாத்தும் தம்பி. தரை ஊறுனா எந்திரிச்சு நின்னு நம்மளயே கேள்வி கேக்கு. இத எனக்கு யாரும் சொல்லல, நானும் யாருகிட்டயும் கேக்கல."

ஒரு பிடி உப்பு

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தப்பு நம்முடையது என்று வெளியே தெரிந்தால் ஒரு பலகை விற்காது, பேசாமல் புதுப் பலகை போட்டுக் கொடுத்துவிட்டு வா என்றார். செல்லக்கனி என்ன ஆவாள் என்று கேட்டேன். அவர் கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் மறுபடி கேட்கவில்லை. மூன்று நாள் ஆபீசுக்குப் போய் வந்தேன். அவள் என் பக்கம் பார்க்காமல் பெருக்கிக்கொண்டிருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

நாலாம் நாள் அவளிடமே போய், தப்பு எங்கள் மேல்தான், மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார், என் மேல் இரக்கப்பட்டுச் சொல்வதாக நினைப்பார் என்றாள். மறுநாள் காலையில் முந்தானையில் உப்பு முடிந்துகொண்டு வந்தாள். பாதியைப் பலகை பெயர்த்த சிமெண்ட்டில் குவித்து, காற்று ஈரம் படாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். மீதியைப் பெயர்க்காத பலகை மேல் குவித்து இன்னொரு டம்ளரைக் கவிழ்த்தாள். நாளை வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர்தான் குனிந்து இரண்டு டம்ளரையும் எடுத்தார். பலகை மேல் இருந்த உப்பு வைத்தபடியே உதிரியாக இருந்தது. சிமெண்ட்டில் இருந்தது கரைந்து கஞ்சியாகக் கிடந்தது. காயாத சிமெண்ட்டில் போட்டது நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான் என்று சொன்னேன். இடம் விடாமல் இறுக்கியது என் கை என்று மேஸ்திரியும் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தோம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அப்புறம் சொன்னார்: "யாரும் வேலையை விட்டு நிற்க வேண்டாம். தளத்தை மறுபடி போடுங்க. ஆனா சிமெண்ட் காஞ்சுதுன்னு செல்லக்கனி சொல்ற வரைக்கும் ஒரு பலகைகூட உள்ளே வரக் கூடாது."

மூன்று தடவை பெயில்

நான் பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை தடவை பெயிலானதில்லை. கார்த்திகையில் உப்பு வைத்தாள், கரைந்தது. மார்கழியில் வைத்தாள், பிசுபிசுத்தது. பொங்கலுக்கு முன்னால் வைத்துவிட்டு, கையில் ஒட்டுகிறது, போங்கள் என்றாள். மாசி வெயிலில்தான் உப்பு உதிரியாக நின்றது. அதற்கு மேலும் நம்பாமல் சிமெண்ட் மேல் தார் பூசினோம், தார் மேல் பாலிதீன் ஷீட் விரித்து ஓரங்களைச் சுவரில் கொஞ்சம் ஏற்றிவிட்டோம். பலகைகளைப் பத்து நாள் அந்த அறையிலேயே அடுக்கி வைத்து, அந்தக் காற்றுக்குப் பழக்கிய பிறகுதான் விரித்தோம். நாலு சுவரோரமும் அரை அங்குலம் இடைவெளி விட்டோம். வெளியே தெரியாமல் மெல்லிய மரச்சட்டம் அடித்து மறைத்தோம்.

அந்த அரை அங்குலம் மேஸ்திரியைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. சட்டம் அடிக்கும் முன் அந்த இடைவெளியைப் பார்ப்பார், எழுந்து வெளியே போவார், திரும்பி வருவார், மறுபடி பார்ப்பார். இடுப்பில் பஞ்சுத் திரி இருக்கிறதா என்று நான் ஒரு நாள் சோதனையே போட்டேன். கடைசிச் சட்டத்தை அடிக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "சீக்கிரம் மூடிருங்க தம்பி. ஓட்டைத் தோணிய அலங்காரம் பண்ணி அனுப்புத மாதிரி இருக்கு."

லீவு கிடையாது

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று முதலாளி என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பலகையும் கொச்சிக்குப் போகவில்லை, நானும் ஊருக்குப் போகவில்லை. அடுத்த ஐப்பசியில் பெய்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். தளம் கிடந்தபடி கிடந்தது, மேனேஜர் டக் டக் என்று நடந்துகொண்டிருந்தார். அந்த வாரமே காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். வீட்டில் புதிதாகக் கட்டிய அறைக்கு மரத்தளம் வேண்டுமாம். உப்பு வைத்துப் பார்க்காமல் நீங்கள் பலகையைத் தொடுவதில்லையாமே என்றார். பேர் கெட்டுவிடும் என்று பயந்த முதலாளி அப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வியாபாரிக்கு ஒரு பிடிவாதம், உப்பு வைக்க அந்தப் பெண்ணே வர வேண்டும் என்று. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய், செல்லக்கனிக்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள், கார் வைத்துக் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுகிறோம் என்று கேட்டார். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு நாள்கூட முடியாது, நீங்கள் கூட்டிப் போய் உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்வீர்கள், அப்புறம் என் ஆபீசுக்கு யார் என்றார். மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று அவளிடம் சொன்ன அதே மனுஷன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, முதலாளிக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே செல்லக்கனி தளத்தைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "உப்பு எல்லாரு வீட்லயும் கெடக்கு, டம்ளரும் கெடக்கு. கவுத்துட்டு ஒரு நா பொறுத்துக்கிட்டு இருக்கதுக்கு நான் என்னத்துக்கு அண்ணாச்சி?"

எட்டு வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டது இவ்வளவுதான்: தரையில் ஈரம் இருப்பது ஒரே நாளில் தெரிந்துவிடும், அதற்குக் காரணம் நான் என்று சொல்லத்தான் நாலு நாள் ஆகும்.