முகம் சட்டத்துக்குள் இல்லை

வெல்டருக்கு இதுவரை யாரும் சொல்லாத ஒரு குறையை அவருடைய கைப்பேசி திங்கட்கிழமை மாலை கண்டுபிடித்துச் சொன்னது. முகம் சட்டத்துக்குள் இல்லையாம்.

“இங்கதானே இருக்கு? வேற எங்க போகும்?” என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பிக்கு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவுத் திருமணம். அந்த நாட்டுக்குப் போக விசா வேண்டாம். ஆனால் புறப்படுமுன் கைப்பேசி வழியாகவே பயண அனுமதி வாங்கிவிட வேண்டும். அது கையில் இல்லாதவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விமானமோ வெள்ளிக்கிழமை காலை.

அவர் மனைவி மருத்துவமனையில் பதிவுச் சாளரத்தில் வேலை பார்ப்பவர். பெயர், வயது, முகவரி, என்ன தொந்தரவு என்று ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் கேட்டுக் கேட்டு, படிவம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன்னுடைய விண்ணப்பத்தை வேலை இடைவேளையில் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். அனுமதியும் மாலைக்குள் வந்துவிட்டது. கணவருடையதையும் அவரே உட்கார்ந்து நிரப்பினார்.

“எப்பவாவது பயங்கரவாத அமைப்புல இருந்திருக்கீங்களா?”

“ஏன், உனக்குத் தெரியாதா?”

“கேக்கணும்ல. எங்கேருந்தாவது உங்கள வெளியேத்தியிருக்காங்களா?”

“உங்கம்மா வீட்டுலேருந்து ஒரு தடவ.”

“அது இதுல வராது,” என்று ‘இல்லை’யைத் தொட்டார் மனைவி.

எல்லாம் மளமளவென்று போய், கடைசிப் படியில் வந்து நின்றது. முகத்தைத் திரையிலிருக்கும் வட்டமான சட்டத்துக்குள் காட்ட வேண்டும். திரை வெள்ளை, சிவப்பு, நீலம் என்று பளிச்பளிச்சென்று மின்னும். நிஜ ஆள்தானா, இல்லை யாராவது படத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கிறதாம். பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும் என்பதால் படுக்கையறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த ஓரடி இடத்தில் வெல்டர் ஒடுங்கி நின்றார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. முகம் சட்டத்துக்குள் இல்லை. நாளை மீண்டும் முயலவும்.

“ஒரு நாளைக்கு மூணு தடவதானாம்,” என்றார் மனைவி. “அதென்ன, மாத்திரையா?” என்றார் வெல்டர்.

அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு பயணம் போச்சு என்று விட்டுவிடலாம். விஷயம் அதுவல்ல. தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருஷமாக அவர் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதும் பிறகு நழுவுவதுமாகவே இருந்திருக்கிறார். ஒரு தடவை வீடு சின்னதாக இருக்கிறது என்றார். இன்னொரு தடவை, நாள் குறித்த பிறகு, முழங்கால் வலி என்றார். கல்யாணத்துக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. இப்போது அமைந்திருப்பவர் பல் மருத்துவமனையில் உதவியாளர், கணவரை இழந்து எட்டு வருஷமாகிறது, பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் இத்தோடு சரி என்று தம்பியிடமே சொல்லிவிட்டாராம். பிறகுதான் தம்பி சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போடாம நான் போட மாட்டேன்.”

கேட்டவர்கள் எல்லாம் என்ன பாசம் என்றார்கள். வெல்டருக்கு மட்டும் தெரியும், அது தப்பித்துப் போக வைத்துக்கொண்ட பின்வாசல் என்று. தம்பிக்கு ஏழு வயதாக இருந்தபோது அவனைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர் அவர். கேட் வரைக்கும் பேசிக்கொண்டே வருவான். திரும்பிப் பார்த்தால் கேரியர் காலியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பயண ஏஜென்ட்டிடம் போனார். ஏஜென்ட் கைப்பேசியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

“டிக்கெட் போடணும்னா போடுவேன், ரூம் போடணும்னா போடுவேன். உங்க மூஞ்சிய நான் காட்ட முடியுமா சார்?”

அன்று மாலை மனைவியே கைப்பேசியைப் பிடித்தார். திரை மின்னியது.

“ஏங்க குனியறீங்க?”

“நான் எங்க குனிஞ்சேன்?”

“இதோ, இப்ப. கண்ணையும் மூடுறீங்க.”

“சும்மா எதையாவது சொல்லாத. ஒழுங்கா பிடி.”

“நான் ஒழுங்காத்தான் பிடிக்கறேன். இருநூறு பேர் என் முன்னால வந்து நிக்கறாங்க, ஒருத்தர்கூட இப்படிப் பண்ணதில்ல.”

மூன்று தடவையும் போயிற்று.

புதன்கிழமை கைப்பேசியைப் பட்டறைக்கே எடுத்துப்போனார். முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை செய்யும் இடம் அது. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டு கேட் அவர் கை பட்டதுதான். ஆளை மறந்தாலும் கேட்டை மறக்க மாட்டார். முழங்கை வரைக்கும் பொறி பட்ட புள்ளிகள். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் லேத்துக்காரர் இரும்பு கடைவார். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. எதையும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிடுவார்.

கதவைச் சாத்தி, வெள்ளையடித்த மூலையில் நின்று வெல்டர் முதல் முயற்சியைத் தொடங்கினார். திரை மின்னியது. சுவருக்கு மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“யோவ், மூடி எங்கய்யா?”

“என்ன மூடி?”

“வெளிச்சம் வந்ததும் தலைய ஒரு வெட்டு வெட்டுறியே, மூடி விழறதுக்கு! மூடியே இல்லாம யாருக்குய்யா வெட்டுற?”

வெல்டர் கைப்பேசியை இறக்கினார். ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் இரும்பு. நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட முகமூடியை இறக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் தலையைச் சடக்கென்று குனிந்தால் அது தானாக விழும். கண்ணும் கூடவே மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு தடவை என்று வைத்துக்கொண்டாலும் முப்பத்தொரு வருஷம். உடம்பு அவரைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

“சரி, நான் பிடிச்சுக்கறேன்,” என்று லேத்துக்காரர் சுவர் ஏறிக் குதித்து வந்து, பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றன என்றது கைப்பேசி. இரண்டாவதும் போயிற்று.

மிச்சம் ஒன்று. இன்று விட்டால், நாளை எப்போது அனுமதி வந்து எப்போது கிளம்புவது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து அவர்களுடைய கல்யாண ஆல்பத்தை எடுத்துக் கட்டிலில் போட்டார். முதல் படத்தில் மாப்பிள்ளை தலைகுனிந்திருந்தார். இரண்டாவதிலும் அப்படியே. பதினெட்டுப் படத்தில் ஒன்றில்கூட மாப்பிள்ளையின் கண் திறந்திருக்கவில்லை.

“இருபத்தாறு வருஷம்,” என்றார் மனைவி. “இவருக்குக் கூச்சம் ஜாஸ்தி, பொண்ணு பக்கம் நிமிந்துகூடப் பாக்கலன்னு எங்க சித்தி ஊரெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டாங்க. நானும் நம்பினேன்.”

“நான் பாத்தேனே! ஃப்ளாஷ் அடிக்காதப்பல்லாம் உன்னத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“அதுக்குச் சாட்சி?”

வெல்டர் ஆல்பத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். “வாங்க, அந்தக் கடைசித் தடவையையும் பாத்துடுவோம்,” என்று மனைவி அவரைச் சுவரோடு நிறுத்தினார். “இது வெல்டிங் இல்ல, இது வெல்டிங் இல்லன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருங்க.” கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் கிடந்த மனைவியின் கைப்பேசி அடித்தது. தம்பி. மனைவி முழங்கையால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டார்.

“அண்ணி, இன்னும் வரலையா? அண்ணனைச் சிரமப்படுத்தாதீங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். அவர் இல்லாம என்ன கல்யாணம்? அடுத்த வருஷம் நிதானமா வெச்சுக்கலாம். அவங்ககிட்டயும் சொல்லிடறேன்.”

குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில், கேரியரிலிருந்து குதிக்கப்போகும் அந்தப் பழைய குஷியும் இருந்தது. வெல்டருக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரே இருந்த கைப்பேசிக்குள்தான் தம்பி உட்கார்ந்திருப்பதுபோல் அதை முறைத்தார்.

“அடுத்த வருஷமா? டேய், மூணு நாளா மூணு மூணு தடவ இந்தச் சனியன் முன்னால நிக்கறேன்டா. லேத்துக்காரன் என் மண்டையப் புடிச்சுத் தொங்கறான். நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னே, சனிக்கிழம நான் அங்க வந்து உன்னக் கதவோட சேத்து வெல்டு வெச்சுடுவேன். அந்தப் பொண்ணு உன்ன நம்பி—”

“முடிஞ்சுது,” என்றார் மனைவி.

“என்ன முடிஞ்சுது? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!”

மனைவி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். திரை வெள்ளையாக மின்னி, சிவப்பாகி, நீலமாகி அணைந்திருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சலில் அனுமதி வந்தது. தம்பிக்கு மனைவியே சொன்னார்.

“அப்ப சனிக்கிழம கண்டிப்பா இருக்கா அண்ணி?”

“கண்டிப்பா இருக்கு. சட்டைய இஸ்திரி போட்டு வைங்க.”

சனிக்கிழமை பதிவு அலுவலகத்தில் மணமகள் முதலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்கிய தம்பி முழங்காலை மெல்லத் தேய்த்துவிட்டு, நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு படம் எடுத்தார்கள். நடுவில் மணமக்கள் நேராகப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் கண்ணை மூடித் தலைகுனிந்து நிற்கிறார்.

“உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அடக்கமானவர்!” என்றார் மணமகளின் அக்கா.

மனைவி ஒரு நொடி கணவரைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றார். “ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்.”