மூன்றாம் தடவை கூப்பிடாதது

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடை விடுமுறையில் எங்கள் குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பேய் குடியிருந்தது. டெல்லி கரோல் பாக்கில், ஒரு காய்கறி வண்டியை நிறுத்தவே இடம் இல்லாத தெருவில், அதற்கு மட்டும் எப்படி வீடு கிடைத்தது என்று நான் யோசிக்கவில்லை. பயந்து போனவளுக்கு யோசனை ஏது!

அப்பாவும் அம்மாவும் காலையிலேயே அலுவலகம் போய்விடுவார்கள். பகலில் வீட்டில் நானும் சித்தியும்தான். அம்மாவின் தங்கையான அவள் வங்கித் தேர்வுக்குப் படிக்கவென்று திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். எங்கள் வீடு இரண்டாம் மாடி. கட்டடத்தின் நடுவே ஷாஃப்ட் என்று ஒரு குறுகலான இருட்டுப் பொந்து மேலிருந்து கீழ்வரை போகும். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். தண்ணீர்க் குழாய்களையும் புறா எச்சத்தையும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு மேல் லைட் போய்விடும். கூலர் நின்றதும் வீட்டில் அப்படி ஒரு அமைதி வரும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அது கேட்டது. ஷாஃப்டுக்குள்ளிருந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத குரலில், "நா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நா." அவ்வளவுதான்.

ஓடிப்போய் சித்தியை உலுக்கினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"உச்சி நேரத்துல எது கூப்பிட்டாலும் ஏன்னு கேட்டுராதட்டி. மனுசன்னா மூணு தடவ கூப்பிடுவான். அதுக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட வராது. நீ ஏன்னு கேட்டுட்டேன்னா போச்சு, உன் குரலப் பிடிச்சிக்கிட்டே ஏறி வந்துரும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். என் தூக்கம்தான் போயிற்று.

அன்று முதல் தினமும் எண்ணினேன். சில நாள் கேட்காது. கேட்டால் சரியாக இரண்டு தடவை. மூன்றாவது வரவே வராது. பேய்தான், சந்தேகமே இல்லை. அது என்னதான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் யாரிடமாவது அதைப் பற்றிச் சொன்னால் அதுவும் பதில் சொன்ன கணக்காகிவிடுமோ என்று ஒரு பயம். அதனால் அர்த்தத்தை மட்டும் கேட்டேன்.

"'நா'ன்னா என்னப்பா?" என்றேன். டெல்லியில் பிறந்த மகள், அ, ஆவைத் தாண்டாதவள், தானாக வந்து ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்கிறாள். அப்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "நாக்குதான்ட்டி, நாக்கு!" என்றவர் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். தரைத்தளத்தில் இருந்த வீட்டுக்கார பஞ்சாபி ஆன்ட்டி, மூக்கால் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் அவர்கள் பாஷையில் அது பெயர் என்றார். மூன்றாம் மாடித் தெலுங்கு அங்கிள் 'என்னுடைய' என்றார். காய்கறிக்கார பையா சிரித்தே விட்டான். "நா மத்லப் நா! நஹி!" என்று, இல்லை என்பதுபோலத் தராசுத் தட்டை ஆட்டிக் காட்டினான். நான்கு பேரும் ஆசையாகத்தான் சொன்னார்கள். அதை எங்கே கேட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாக்கு. பெயர். என்னுடைய. இல்லை. படுத்துக்கொண்டு நான்கையும் சேர்த்துப் பார்த்தேன். உன் நாக்கும் உன் பெயரும் இனி என்னுடையவை, உனக்கு இல்லை. ஐயோ, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் தூங்கினேன்.

நான் அர்த்தம் கேட்காதது எங்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில் மட்டும்தான். அங்கே நான் தாதாஜி என்று கூப்பிடும் ஒரு தாத்தாவும் அவருடைய மகளும் இருந்தார்கள். முன்பெல்லாம் அவர் மாடிப்படி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிவிட்டு வரும்போது, "ஆ கயி, பிட்டியா?" என்று, வந்துவிட்டாயா மகளே என்ற அர்த்தத்தில் கேட்டு ஓர் ஆரஞ்சு மிட்டாய் தருவார். குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. "தாதாஜிக்குப் பேச்சு போயிட்டு, போய் தொந்தரவு பண்ணாத" என்று அம்மா சொல்லியிருந்தாள். பேச்சுப் போனவரிடம் அர்த்தம் கேட்டு என்ன பிரயோஜனம்? மகள் வேலைக்குப் போகும்போது அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

விடுமுறை முடிய பத்து நாள் இருக்கும்போது, லைட் போன கையோடு ஷாஃப்டுக்குள் தொம்மென்று ஒரு சத்தம். ஒரு வாளி உருண்டது. புறாக்கள் படபடத்து மேலே போயின. பிறகு, "நா."

நான் ஜன்னலருகே போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

"நா."

அன்று அது மிரட்டுகிற குரலாக இல்லை. அழுகிற குரல் போல இருந்தது. எனக்கே அழுகை வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடு, ஏன் என்று கேட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்தேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன். புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. மூன்றாவது வரவில்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சாயங்காலம் மாடிப்படியில் ஒரே கூச்சல். தாதாஜியின் மகள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், அவர் குளியலறைத் தரையில் கிடந்தாராம். பார்த்துக்கொள்ளும் பெண் தினமும் மத்தியானம் அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாளாம். அவர் குரல் கொடுத்தால் இறங்கி வருவாளாம். அன்றைக்கு அவள் வெளியே போனவள் திரும்பவே இல்லை.

நானும் சித்தியும் படியிறங்கி, அவர்கள் வாசலருகே நின்றோம். நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். திருப்பத்தில் நாற்காலி ஒரு கணம் நின்றது. தாதாஜி என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் கோணிப்போன வாய் அசைந்தது.

"நா."

அதே குரல்! ஒன்று, என்று எண்ணினேன்.

"நா."

இரண்டு. வாயை இறுகப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். நாற்காலி திரும்பிக் கீழே இறங்கியது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தாதாஜி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

பத்து நாள் கழித்து, பள்ளி திறக்கிற காலையில், சித்தி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "தாதாஜிக்குள்ளதான் அது இருந்துச்சு சித்தி. தொம்முனு விழுந்துட்டு ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு. படியில வச்சும் ரெண்டு தடவ. நான் ஒரு தடவகூட ஏன்னு கேக்கலியே!"

சீப்பு நின்றது. பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"விழுந்த சத்தம் எப்ப கேட்டுச்சுட்டி?"

"லைட் போன ஒடனே. நீ தூங்கிட்டிருந்தே."

சித்தி சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு பின்னாலிருந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இத யார்ட்டயும் சொல்லிராதட்டி. அம்மாட்டகூட."

பேய் விஷயத்தில் அதுவும் ஒரு விதி போலிருக்கிறது என்று நினைத்து, சமத்தாகத் தலையாட்டினேன்.