சிவப்புப் பென்சில்

தண்ணீர் லாரிகளை அனுப்பும் அந்த அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அம்மாவுக்குச் 'சிவப்புப் பென்சில்' என்றே பெயர். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்காமல் ஒரு ஆங்கிலக் கடிதம்கூட அதிகாரி மேஜைக்குப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திங்கட்கிழமை லாரி டிரைவர் ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். புதன்கிழமை மனைவிக்கு ஆபரேஷன், மூன்று நாள் லீவு வேண்டும். 'டேக் பெர்மிஷன்' என்று எழுதியிருந்தார்.

"பெர்மிஷன எடுக்கறதுக்கு அது என்ன அலமாரியில இருக்கற தட்டாய்யா? ரிக்வெஸ்ட் பண்ணணும். மாத்தி எழுதிட்டு வாங்க," என்று அம்மா அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. டிரைவரும் அசடு வழியச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை மாற்றி எழுதி வந்தார். அந்தச் சொல் சரியாக இருந்தது. ஆனால் மேலே 'சப்ஜெக்ட்' என்று போடவேண்டிய பொருள் வரி விட்டுப்போயிருந்தது. அம்மா அந்த இடத்தில் மறுபடியும் வட்டம் போட்டு, இன்னொன்று எழுதச் சொன்னார்.

புதன்கிழமை டிரைவர் வரவில்லை. அதிகாரி கொதித்துப்போனார். "சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். வேலைய விட்டு எடுக்க நோட்டீஸ் அடிங்க."

பாதி அடித்ததும் அம்மாவின் விரல்கள் நின்றன. இரண்டு கடிதங்களும் அவர் இழுப்பறையில்தான் கிடந்தன. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அவர் முன்னாடியே கேட்டுட்டார் சார். நான்தான் ரெண்டு தடவையும் மாத்தி எழுதச் சொல்லி அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தார். இனி கடிதங்கள் நேராகத் தன்னிடமே வரட்டும் என்றார். அம்மா தலையாட்டினார். ஒரு மனிதனின் பிழைப்பு தப்பியது, அதுவரைக்கும் நிம்மதி.

சனிக்கிழமை டிரைவர் வந்து நின்றார்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"பொழச்சிட்டாம்மா. ஆனா ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப என்னத்தான் தேடினாளாம். நான் அப்ப கடைத்தெருவுல இந்த லெட்டர டைப் அடிச்சிட்டு இருந்தேன். கொண்டுவந்து குடுக்கத்தான் நேரமில்ல." மடித்த தாளை நீட்டினார். "இப்பவாவது சரியா இருக்கா பாருங்கம்மா."

அம்மா தாளைப் பிரித்தார். கண் நிறைந்து எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"சரியா இருக்குப்பா," என்றார்.